போட்டுப் போட்டு அழிக்கிறேன்... எனக்குக் கை போய்விட்டதா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 34 வயது. காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வேலை. அப்பாவும் டிசைனர்தான். அவர் காலத்தில் எல்லாம் கிராஃப் பேப்பரும் பென்சிலும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தேன். 'ஒரு கட்டம் தப்புனா அட்டை தப்பு, அட்டை தப்புனா சேலையே போச்சு' என்று அடிக்கடி சொல்வார்.

போன தீபாவளி சீசனில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி நான் போட்ட முந்தி டிசைனைப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால், 'இது நீ போட்டதா, போன்ல சுட்டதாம்மா?' என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். அதிலிருந்து புதிதாக ஒன்றும் ஓடவில்லை. அன்னப்பட்சி போட ஆரம்பித்தால் கழுத்து வளைவிலேயே நின்றுவிடுகிறேன். போடுவதும் அழிப்பதுமாகப் பொழுது போகிறது. பழைய டிசைன்களையே கலர் மாற்றி ஒப்பேற்றுகிறேன்.

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் எல்லோரும் என்னைவிட நன்றாகப் போடுகிறார்கள். ஏ.ஐ.யிடம் கேட்டால் கண்மூடித் திறப்பதற்குள் மயிலாகக் கொட்டுகிறது. 'இவ்ளோ கஷ்டப்பட்டு இந்த வேலை எதுக்கு?' என்கிறார் கணவர். இத்தனை நாள் அப்பா பேரில்தான் ஓட்டினேனோ என்று எனக்கே சந்தேகம். நடு ராத்திரியில் விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. எனக்குக் கை போய்விட்டதா மேடம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காஞ்சிபுரம்

அன்புள்ள சகோதரிக்கு,

கை எங்கும் போகவில்லை. அதை ஒரு விதி மறித்துக்கொண்டு நிற்கிறது. முதலாளியின் பேச்சு வலித்தது உண்மை. ஆனால் வலித்த பேச்சு நாளாக நாளாக மங்கும். உங்களுக்கு மங்கவில்லை என்றால், அது ஏற்கெனவே உள்ளே இருந்த ஏதோ ஒன்றுடன் சேர்ந்துகொண்டது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் மைக் ரோஸ் என்ற ஆய்வாளர் 1980-ல், எழுத உட்கார்ந்தால் திணறும் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேரையும் சரளமாக எழுதும் ஐந்து பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சின்ன ஆய்வுதான். திணறியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. முதல் வரியே ஆளைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது போல யாரோ எப்போதோ சொன்ன விதியை வேதவாக்காக வைத்திருந்தார்கள். மற்ற ஐந்து பேரிடமும் விதிகள் இருந்தன. ஒத்துவராதபோது அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதினார்கள்.

உங்கள் கடிதத்தில் அப்படியொரு விதி இருக்கிறது: 'ஒரு கட்டம் தப்புனா சேலையே போச்சு.' அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் கிராஃபுக்கு. அங்கே ஒவ்வொரு கட்டமும் எந்தப் பாவு நூல் (நீளவாட்டு நூல்) எந்த ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) எழும்ப வேண்டும் என்ற கட்டளை. ஒவ்வொரு வரிசைக்கும் தறியில் மாட்டுகிற ஓர் அட்டையில் துளை குத்த வேண்டும். அதில் தப்பு கூடாது. அன்னத்தின் கழுத்தை யோசிக்கிற நேரத்துக்கு அந்த விதி பொருந்தாது. நீங்களோ நேரே திரையில், கட்டத்திலேயே ஆரம்பிக்கிறீர்கள். கோடு பிறப்பதற்கு முன்பே அதற்குப் பரீட்சை வைத்தாகிவிட்டது.

சின்ன வயதில் அப்பா பக்கத்தில் நீங்கள் பார்த்தது, முடிவான படத்தை அவர் கட்டத்தில் ஏற்றியதை. அதற்கு முந்தைய கிறுக்கல்களை எதில் போட்டார், காலண்டர் தாளிலா, பில் புத்தகத்தின் பின்பக்கத்திலா என்று அவரிடமே கேளுங்கள். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்கு நிறையப் பதில் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. கம்ப்யூட்டர் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். கோடு போடாத நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் போதும், ரப்பர் வைத்து அழிக்க முடியாதது எதுவானாலும் சரி. ஊரிலேயே கைலாசநாதர் கோயில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. தூண்களைத் தாங்கி சிங்கங்கள் எழும்பி நிற்கும். மணற்கல் என்பதால் பல சிங்கங்களுக்கு முகம் தேய்ந்திருக்கும். அதில் ஒன்றின் முன்னால் உட்காருங்கள். கண்ணைச் சிங்கத்திலிருந்து எடுக்காமல், தாளைப் பார்க்காமல், பேனாவைத் தூக்காமல் வரையுங்கள். பேனா முனை கல்லையே தொட்டுக்கொண்டு நகர்கிறது என்று நினைத்துக்கொண்டு, பிடரியிலிருந்து மெதுவாக இறங்குங்கள். நியூயார்க்கில் ஓவியம் கற்றுக்கொடுத்த கிமோன் நிகோலைடிஸ் இந்த மாதிரிப் பயிற்சியைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்.

படம் கோணலாகத்தான் வரும். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் கிடக்கும். யார் செய்தாலும் அப்படித்தான், அதனால்தான் இதைச் சொல்கிறேன். நன்றாக வரவே வழியில்லாத இடத்தில் 'நல்லா இல்ல' என்று சொல்லும் உள்குரலுக்கு வேலை கிடையாது. அது சும்மா இருக்கிற நேரத்தில் கண்ணும் கையும் பழைய பழக்கத்துக்கு வரும். சில பக்கங்கள் போனதும் அந்தக் கோணலுக்குள்ளேயே ஒரு வளைவு உங்கள் கண்ணில் படும். அதை மட்டும் எடுத்து அன்னத்துக்கோ யாளிக்கோ கொடுத்துப் பாருங்கள். கிராஃப் அதற்கு அப்புறம்.

போன் பையிலேயே இருக்கட்டும். வரைந்ததைப் படமெடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், கணவருக்கும்கூட. கடையில் விற்கிற, வட்ட வடிவக் கோலங்களுக்கு வண்ணம் தீட்டும் மண்டலா கலரிங் புத்தகத்தையும் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். மனதை அமைதிப்படுத்த அது சிலருக்கு உதவும். ஆனால் உங்களுக்கு நம்பிக்கை வர வேண்டியது உங்கள் சொந்தக் கோட்டின் மீது.

வரைவதால் உடம்புக்குள்ளும் மாற்றம் உண்டா என்றால், ஓரளவு உண்டு. கிரிஜா கைமல் குழுவினர் அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிடம் படம், களிமண் என்று விருப்பம்போல் செய்யவிட்டு, எச்சிலில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் சுமார் 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசமில்லை. மீதிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். முதல் நாளே எரிச்சல் வந்தால் நீங்கள் தோற்றுவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கக் கலைவு தொடர்ந்து, பசியும் குறைந்து, டிசைன் மட்டுமில்லாமல் எதிலுமே பிடிப்பு இல்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நோட்டும் பேனாவும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

கடைசியாக, நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். அடுத்த சீசனில் அந்த முதலாளி மறுபடியும் 'சுட்டதா' என்று கேட்டால் சிரித்து வைக்க வேண்டியதில்லை. நோட்டை எடுத்து அவர் மேஜை மேல் வையுங்கள்.