மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் வெயிலில் எடை குறைந்த ஓப்பன் பேக் கேமிங் ஹெட்செட் எடுபடுமா?

எடுபடும். ஆனால் ஹெட்செட்டைத் தேடும் முன் உங்கள் அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தம்பியோடு ஒரே அறை, இரவில் வலோரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, தோல் திண்டு வைத்த பழைய ஹெட்செட்டுக்குள் காது வேர்த்து ஊறிப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேர்வைக்கு ஓப்பன் பேக் நல்ல மருந்து. தம்பியின் தூக்கத்துக்குத்தான் அது ஆகாது.

சாதாரண ஹெட்செட்டில் ஒலியெழுப்பும் டிரைவருக்குப் பின்னால் மூடிய ஓடு இருக்கும். ஓப்பன் பேக்கில் அந்த இடத்தில் கம்பிவலையோ துளையிட்ட தகடோதான். டிரைவரின் பின்பக்கம் எழும் ஒலி ஓட்டில் மோதித் திரும்பி வராமல் வெளியே போய்விடுகிறது. அதனால் சத்தம் மண்டைக்குள் அடைபடாமல் அறையில் எங்கோ கேட்பது போல் இருக்கும். சில மலிவான ஹெட்செட்களில் வெறும் அழகுக்காக வலை ஒட்டியிருப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் வெளிப்பக்கத்தை மூடுங்கள். ஒலியின் தன்மை சட்டென்று மாறி, கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டால் அது உண்மையான ஓப்பன் பேக். எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்த வலைக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, காசு கொடுக்காதீர்கள்.

இந்த வகையை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் ஆட்டத்தில் எதிரியின் காலடி ஓசை. பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே அதிகம் போனால் 0.7 மில்லிவினாடி வித்தியாசத்தில் வந்து சேர்கிறது. இவ்வளவு சிறிய இடைவெளியையும், இரண்டு காதுகளில் ஒலி அளவு வேறுபடுவதையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணக்கிடுகிறது. ஓட்டுக்குள் எதிரொலி குறைந்தால் அந்தக் கணக்கு தெளிவாகிறது. இன்னொன்று, பின்பக்கம் மூடாததால் ஆழ்ந்த பேஸ் ஒலி கசிந்து மெலியும். வெடிகுண்டு நெஞ்சை அதிரவைக்காது. அதை இழப்பென்று சொல்பவர்கள் உண்டு. போட்டி ஆட்டங்களில் எனக்கு அது வரவு, ஏனென்றால் பேஸ் முழக்கம்தான் மெல்லிய காலடிகளை விழுங்குகிறது. கதையோடு ஓடும் விளையாட்டுகளை மட்டுமே ஆடுபவர்களுக்கு இந்த வகையை நான் இவ்வளவு தூரம் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டியின் மேல் 7.1 சரவுண்ட் (சுற்றிலும் ஒலி வருவது போலக் காட்டும் வசதி) என்று அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம். நல்ல ஸ்டீரியோ போதும். வலோரன்டின் அமைப்புகளில் எச்ஆர்டிஎஃப் என்ற தெரிவு இருக்கிறது, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஸ்டீரியோவிலேயே உணர்த்துவது அது. அதை இயக்கிவிட்டு, விண்டோஸிலும் ஹெட்செட் மென்பொருளிலும் உள்ள சரவுண்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் முன்னால் வருபவன் பின்னால் வருவதாகக் கேட்கும்.

எடைக்கு வருவோம். ஆடியோ டெக்னிகாவின் ஏடிஎச் ஜிடிஎல்3 220 கிராம். சென்ஹைசர் பிசி38எக்ஸ் சுமார் 250 கிராம். மூடிய வகையில் பெயர்பெற்ற ஆடிஸி மேக்ஸ்வெல் 490 கிராம், அதாவது முதலாவதைப் போல இரு மடங்குக்கும் மேல். கழுத்து இதை நன்றாகவே உணரும். ஆனாலும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தலையைக் கிடுக்கிபோல் அழுத்தும் 220 கிராமைவிட, தளர்வாக உட்காரும் 280 கிராம் சுகமானது. நீங்கள் கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு காதுக்கு மேலே அழுந்தும் அந்த ஒரு புள்ளியில் வலி தொடங்க ஒரு மணி நேரம் ஆகும். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் அது தெரியாது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, இந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே பதில் ஊருக்கு ஊர் மாறும். க்யூர்பிப் நகரம் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்கால ஜூலை இரவில் மூடிய ஹெட்செட் காதுக்கு இதமாகவே இருக்கும். போர்ட் லூயிஸில் ஜனவரி, பிப்ரவரி வேறு கதை. தைப்பூசக் காவடி வரும் அந்த நாட்களில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் செயற்கைத் தோல் திண்டு நனைந்துவிடும். கடலோர ஈரப்பதத்தில் அந்தத் தோல் கறுப்புச் செதில்களாக உரிந்து காதோரம் ஒட்டிக்கொள்ளும். துணித் திண்டு, அதுவும் கழற்றி அலசிக் காயவைக்கக்கூடியது, இங்கே அவசியம். பிசி38எக்ஸோடு வெல்வெட் போன்ற துணித் திண்டும் வலைத்துணித் திண்டும் சேர்ந்தே வருகின்றன. வெயில் காலத்துக்கு வலைத்துணியை மாட்டுங்கள்.

இனி தம்பியின் விஷயம். ஓப்பன் பேக்கில் நீங்கள் கேட்பது அடுத்தவருக்கும் கேட்கும். நான் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை, திரையைப் பார்க்காமலேயே, "அண்ணா, யாரோ படியேறுகிறார்கள்" என்றாள். அவள் சொன்னது சரி. ஐரோப்பிய நண்பர்களோடு ஆடினால் சிக்கல் கூடும். பாரிஸில் இரவு 9 மணிக்கு ஆட்டம் சூடுபிடிக்கும்போது நமக்கு 11 அல்லது 12 மணி. வீடு உறங்கும் நேரம் அது.

வெளிச்சத்தமும் தடையில்லாமல் உள்ளே வரும். தகரக் கூரையில் மழை அடித்தால், தெருநாய்கள் ஒன்றுக்கொன்று பதில் கொடுத்தால், கை தானாக ஒலியைக் கூட்டும். இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பு. 90 டெசிபலில் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அப்படிக் கெட்ட செவி திரும்பி வராது. ஆகவே சந்தடி மிகுந்த தெருவை ஒட்டிய அறை என்றால் மூடிய வகையையே வாங்குங்கள். வேர்வையைத் துடைத்துக்கொள்ளலாம்.

மைக்கில் ஒரு நன்மை இருக்கிறது. காது அடைபடாததால் நம் குரல் நமக்கே இயல்பாகக் கேட்கிறது. கிரியோல் மொழியில் நண்பர்களோடு சூடாகப் பேசும்போது கத்தத் தோன்றுவதில்லை. மைக் தண்டை மேலே தூக்கினால் ஒலி நின்றுவிடும் வசதியும் பிசி38எக்ஸில் உண்டு. அம்மா கூப்பிட்டால் பொத்தானைத் தேடவேண்டாம்.

இதனால் பிங் (சர்வருக்குத் தரவு போய்த் திரும்பும் நேரம்) குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நம் தரவு கடலடிக் கேபிள் வழியே தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா போன்ற தொலைதூரத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். 2021இல் மெட்டிஸ் கேபிள் வந்தபிறகும் தூரம் தூரம்தான்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலையோடு தபால் செலவும் 15 சதவீத வாட் வரியும் சேரும், திருப்பி அனுப்புவதும் எளிதல்ல. எனவே கேபிளும் திண்டும் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். மேலே சொன்ன ஓப்பன் பேக் இரண்டில் ஜிடிஎல்3இன் மின்தடை 45 ஓம், பிசி38எக்ஸின் மின்தடை 28 ஓம், இரண்டுமே குறைவு. தனி ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, மடிக்கணினியின் 3.5 மிமீ துளையே போதும்.

தம்பி பத்து மணிக்குத் தூங்குபவர் என்றால், பத்து மணி வரைக்கும் ஓப்பன் பேக்கில் ஆடுங்கள். அதற்குப்பின் ஆடும் வழக்கம் இருந்தால் விலை குறைந்த இயர்போன் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், வலைத்துணித் திண்டுக்காகவே பிசி38எக்ஸை எடுப்பேன்.