கடைசி பலூனுக்கு முன்னால்

அன்புள்ள அக்கா,

வேஷம் போட்டு ஓடும் அரை மாரத்தான் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கதைப் பாத்திரங்கள்தான் தீம். வழியெங்கும் பாத்திரங்கள் நிற்பார்களாம், அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாமாம். மைலுக்கு 16 நிமிடம் கெடு. பிந்தினால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். நான் பயிற்சிக் குழுவில் எப்போதும் கடைசி ஆள். "படத்துக்கு நின்று, பாதி தூரம் நடந்து போவதற்குப் பெயர் பந்தயமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அதிலிருந்து மனசே சரியில்லை. விலகிவிடலாமா? போனால், படத்துக்கு நிற்கலாமா? பஸ் வந்து பிடித்துவிட்டால்?

தி.

அன்புள்ள தி.,

விலகாதீர்கள். போங்கள், படத்துக்கும் நில்லுங்கள். ஆனால் எத்தனை படம் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான கணக்கு.

முதலில் அந்த நண்பர் கேட்ட கேள்வி. அரை மாரத்தான் என்றால் 21.0975 கிலோமீட்டர். தலையில் மகுடம் வைத்திருப்பவருக்காக யாரும் அதில் ஒரு மீட்டரைக் குறைப்பதில்லை. முதலில் வருபவர் ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடித்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பார். நீங்கள் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அதே சாலையில் காலூன்றி நிற்கப் போகிறீர்கள். வழியில் வைத்திருக்கும் பாத்திரங்கள், இசை, அலங்காரம் எல்லாம் அதிக நேரம் பயன்படப்போவது உங்களுக்குத்தான். முன்னால் போகிறவர்களுக்கு அதைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது. வேஷம் போட்டு ஓடுவது நேற்று முளைத்த விளையாட்டும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1912 முதல் நடக்கும் 'பே டு பிரேக்கர்ஸ்' 12 கிலோமீட்டர் ஓட்டம் இன்று அதன் வேஷங்களுக்காகவே பேர்போனது. பிரான்சின் மெடோக் மாரத்தானில் வேஷம் கட்டியவர்கள் முழு 42 கிலோமீட்டரையும் ஆறரை மணி நேரக் கெடுவுக்குள் ஓடுகிறார்கள். அதையெல்லாம் பந்தயம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். மைலுக்கு 16 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 10 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. அதே வேகத்தில் போனால் அரை மாரத்தானுக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். டிஸ்னி நடத்தும் ஓட்டங்களிலும் இதே கெடுதான். அங்கே கூட்டத்தின் கடைசியில் பலூன் கட்டிக்கொண்டு சிலர் இந்த வேகத்தில் நடந்து வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் போய்விட்டால் ஆபத்து என்று பொருள். உங்கள் பந்தயத்திலும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டமும் நடையும் கலந்து போகும் முறையைப் பரப்பியவர் ஜெஃப் காலோவே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அப்படிப்பட்டவர் புதிதாக ஓட வருகிறவர்களுக்கு நடையையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார், அதுவும் களைத்த பிறகு அல்ல, முதல் கிலோமீட்டரிலிருந்தே. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது கிலோமீட்டருக்கு 8 நிமிடம், விறுவிறுவென்று நடக்கும்போது 11 நிமிடம் என்றால் சராசரி 9 நிமிடம் 16 விநாடிக்குப் பக்கத்தில் வரும். கெடுவோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 40 விநாடி மிச்சம். கடைசி வரை இப்படியே போனால் 14 நிமிடம் கையில் இருக்கும்.

அதிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்தைக் கழித்துவிடுங்கள். பந்தயப் பாதையை வளைவுகளின் உட்பக்கமாக, இருப்பதிலேயே குறுகிய வழியில்தான் அளப்பார்கள். கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போகும் நம் கைக்கடிகாரம் எல்லைக் கோட்டில் இருநூறு, முந்நூறு மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும். அதைத் தாண்டுவதற்கும் நேரம் வேண்டுமே. கழிவறைக்கு ஒரு தடவை என்றால் இன்னும் மூன்று நிமிடம் போகும். மீதி எட்டு ஒன்பது நிமிடம். படத்துக்கான வரிசை ஒன்றில் ஐந்து ஆறு நிமிடம் போய்விடும். ஆக, ஒரு படம். அதையும் மனசுக்கு மிகப் பிடித்த பாத்திரத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குக் கையசைத்தபடியே ஓடுங்கள். பத்துப் பேர் நிற்கும் வரிசையைத் தாண்டும்போது வேஷத்துக்குள் இருப்பவர் நம்மைப் பார்த்துத் திருப்பிக் கையசைப்பதும் ஒரு சுகம்தான்.

இரண்டாவது படம் வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. பெரிய ஓட்டங்களில் ஆட்களைக் குழு குழுவாகத்தான் விடுவார்கள். பல இடங்களில் கெடு எண்ணப்படுவது கடைசிக் குழுவின் கடைசி ஆள் கோட்டைத் தாண்டியதிலிருந்து. நீங்கள் அவருக்குப் பதினைந்து நிமிடம் முன்பு கிளம்பியிருந்தால் அந்தப் பதினைந்தும் உங்களுக்கு இனாம். அதனால் பதிவு செய்யும்போது பழைய பந்தய நேரம் கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள். எதுவும் கொடுக்காமல் விட்டால் பல இடங்களில் கடைசியில் தள்ளிவிடுவார்கள். ஆனால் சில ஓட்டங்களில் துப்பாக்கி வெடித்ததுமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அங்கே பின்னால் கிளம்புவது நஷ்டம். விதிமுறையில் இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

அப்புறம் வேஷம். கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு அப்படியே பந்தயத்துக்குப் போய்விடாதீர்கள். குறைந்தது 12 கிலோமீட்டராவது அதைப் போட்டுக்கொண்டு ஓடிப் பாருங்கள். ஜரிகை விளிம்பு அக்குளில் உரசுவது மூன்றாவது கிலோமீட்டரில் தெரியாது, பதினாறாவதில் ரத்தம் கசியும்போதுதான் தெரியும். உரசும் இடத்திலெல்லாம் வாஸலினைத் தாராளமாகத் தடவுங்கள். தலையை மூடும் எதுவும் வேண்டாம், வெயிலில் உடம்பின் சூடு வெளியேற இடம் வேண்டும். எண் அட்டையை வெளியே தெரியும்படி, ஆனால் கழற்றத் தேவையில்லாத உடையில் குத்துங்கள். நடுவழியில் பாவாடையையோ சிறகையோ கழற்ற வேண்டி வரலாம், அப்போது எண்ணும் கூடப் போய்விடக் கூடாது. வழக்கமாகப் போடும் ஷூவைத் தவிர வேறு எதையும் காலில் போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் பின்வரிசைக்காரர்களுக்கு இரண்டு அபாயம். ஒன்று, நாம் போகும்போது சில மேசைகள் காலியாகிவிட்டிருக்கும். ஒரு ஓட்டத்தில் பதினான்காவது கிலோமீட்டரில் மேசையை மடித்துக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்ததும் தன் சொந்தப் பாட்டிலைத் திறந்து நீட்டினான். கீழே நசுங்கிக் கிடந்த காகிதக் கோப்பைகள் ஈரத்தோடு ஷூவில் ஒட்டிக்கொண்டு சப் சப் என்று கூடவே வந்தன. இடுப்பில் ஒரு சிறிய பாட்டில் கட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று இதற்கு நேரெதிர், இதைப் பலரும் அறிவதில்லை: மெதுவாக ஓடுபவர்கள் மேசைக்கு மேசை நின்று அளவுக்கு மேல் குடித்துவிடுகிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்புச் சத்து, குறைந்திருந்தது. தண்ணீர் அளவை மீறினால் அது நீர்த்துப்போகும். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். உயிருக்கே ஆபத்தாகும் விஷயம் இது. தாகம் எடுத்தால் குடியுங்கள், மேசை தெரிகிறதே என்று குடிக்காதீர்கள்.

இனி பஸ். என்னை ஒரு தடவை பதினேழாவது கிலோமீட்டரில் ஏற்றிவிட்டார்கள். பின்னால் அதன் விளக்கு தெரிந்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. கெண்டைக்கால் இறுகியிருந்தது, வேகம் கூட்ட முடியவில்லை. தன்னார்வலர் ஒருவர் என்னோடு அரைக் கிலோமீட்டர் நடந்தே வந்து, தோளில் கை வைத்து, "போதும், வாங்க" என்றார். உள்ளே ஒன்பது பத்துப் பேர் இருந்தோம், யாரும் பேசவில்லை. என் பக்கத்தில் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், காகிதச் சிறகை மடித்து மடியில் வைத்திருந்தார். எண் அட்டையிலிருந்து நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கைக்குட்டை ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைத்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அடுத்ததுக்கு வேணுமே" என்றார். அழுதுவிட்டேன். அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது. உங்களுக்கு அப்படி நடந்தாலும் வருத்தம் வரும், வரட்டும். வெட்கம் மட்டும் வேண்டாம். பதினேழு கிலோமீட்டர் உங்கள் காலால் போனது, அதை எந்த பஸ்ஸாலும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

பலூன் கண்ணில் பட்டால் பதறி முழு வேகத்தில் ஓடாதீர்கள், இரண்டு கிலோமீட்டரில் கால் கைவிட்டுவிடும். நடையை மட்டும் ஒரு நிமிடத்திலிருந்து முப்பது விநாடியாகக் குறையுங்கள். பலூன் பின்தங்கியதும் பழைய கணக்குக்கே திரும்பிவிடுங்கள்.

எந்தப் பாத்திரமாகப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஓடி முடித்ததும் எழுதுங்கள், அந்த ஒரு படத்தையும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா