முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: டிரிகரில் யாரும் கை வைக்காததாகப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஒரு வருடமாகச் சுடுதளத்தில் கிளப்பின் போல்ட் ரைஃபிளில் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுவது) பயிற்சி எடுக்கிறேன். இப்போது சொந்தமாக, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாங்க ஆசை. வேட்டைக்கு இல்லை, காகிதக் குறியிலும் இரும்புத் தட்டுகளிலும் சுடத்தான். கடைக்காரர் .223 என்ற தோட்டா அளவில் ஏஆர் வகை ஒன்றைக் காட்டி, .22 எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்கிறார். கிளப்புக்கு வந்துபோகும் தரகர் ஒருவர், டிரிகர் 'ட்யூன்' செய்த பழைய .22 ஒன்று இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன், பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற, யாரும் கை வைக்காத, சாதாரண .22 லாங் ரைஃபிள் செமி ஆட்டோ ஒன்றை உங்கள் பெயரில் முழுப் பேப்பரோடு வாங்குங்கள்.

கடைக்காரர் சொன்னதை முதலில் பார்ப்போம். .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க அதில்தான் பெரும்பாலானவர்கள் சுடக் கற்கிறார்கள். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியே இந்தத் தோட்டாவில்தான் நடக்கிறது. பிள்ளை விளையாட்டு என்றால் அங்கே நிற்பவர்கள் யார்? .223-இன் வேகமும் விசையும் வேறு, அதன் ஆற்றல் .22-ஐப் போல எட்டு ஒன்பது மடங்கு. அது உங்களுக்கு எதற்கு? தோள் உதைக்கும், காதைத் துளைக்கும், அதைவிட முக்கியமாக ஒவ்வொரு தோட்டாவும் பல மடங்கு விலை. நீங்கள் சுட நினைக்கிற இரும்புத் தட்டு .22-க்கென்று செய்ததாக இருந்தால் .223 பட்ட இடத்தில் குழி விழும், அந்தக் குழியிலிருந்து சிதறல் சுடுபவரை நோக்கியே திரும்பி வரும். இதைக் கடைக்காரர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். விலை கூடிய ரைஃபிள், அதற்கு ஸ்கோப், ரெயில், பை என்று பில் நீண்டுகொண்டே போவதுதான் அவருக்கு வேண்டும். ஏஆர் என்பது அர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. அந்த இரண்டு எழுத்தில் வேறு எந்த மகிமையும் இல்லை.

ரைஃபிளின் விலையைப் பார்க்காதீர்கள், அதைக் கையில் எடுத்த முதல் வருடத்தில் எத்தனை தோட்டா சுட முடியும் என்று பாருங்கள். வாரம் 100 தோட்டா சுட்டால்தான் கை படியும். .223-இல் அந்தச் செலவை இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியவர்கள் என் மாணவர்களில் மிகக் குறைவு, அப்புறம் அந்த ரைஃபிள் அலமாரியில்தான் கிடக்கும்.

.22-இல் நிறைய மாதிரிகள் உண்டு, தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1964-இல் வந்த ரூகர் 10/22 இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. கழற்றி மாட்டும் 10 தோட்டா மேகசின், எங்கும் கிடைக்கும் உதிரிபாகம், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதிகம். அதே தரத்தில் வேறு கம்பெனிகளும் செய்கிறார்கள், எடுக்கலாம், தவறில்லை. ஆனால் குழலுக்கு அடியில் நீளக் குழாயில் தோட்டா நிரப்பும் வகையை முதல் ரைஃபிளாக எடுக்காதீர்கள். அது கெட்ட ரைஃபிள் இல்லை, குழாயில் ஒரு தோட்டா தங்கிவிட்டால் புதியவருக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை.

இப்போது அந்தத் தரகர். இவர்களைப் பற்றி எனக்குப் பொறுமையே கிடையாது. பேப்பர் பிறகு என்று சொல்கிறவரிடமிருந்து துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம். ரைஃபிளின் உடலில் ஒரு வரிசை எண் பொறித்திருக்கும், அது உரிமப் புத்தகத்தில் இருக்கிற எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், எண்ணைச் சுரண்டியதுபோலவோ மீண்டும் பொறித்ததுபோலவோ தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நடுவில் எத்தனை கை மாறியது என்று அவருக்கே தெரியாது. நாளைக்குப் போலீஸ் வந்தால் அவர் இருக்க மாட்டார், நீங்கள் இருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்த 'ட்யூன்' டிரிகர். செமி ஆட்டோ என்றால் ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா, அடுத்தது தானாகச் சேம்பர் என்ற தோட்டா அறைக்குள் ஏறும், மறுபடி இழுத்தால்தான் வெடிக்கும். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியைப் பிடித்து நிறுத்தும் ஒரு சின்னக் கொக்கிதான் இதைக் காக்கிறது. டிரிகர் மெதுவாக இருக்க வேண்டும் என்று வீட்டில் அரத்தை வைத்து அந்தக் கொக்கியைத் தேய்த்துவிடுகிறார்கள். ஒரு நாள் அது சுத்தியைச் சரியாகப் பிடிக்காது, ஒரு இழுப்புக்கு இரண்டு மூன்று வெடிக்கும். நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவர் இப்படித் தேய்த்த ரைஃபிளைக் கொண்டுவந்தார், முதல் தோட்டா தட்டில் பட்டது, இரண்டாவது அவர் நினைக்காமலே மேலே போய்க் கூரைத் தகட்டைத் துளைத்தது. பல நாடுகளின் சட்டத்தில் ஒரு இழுப்புக்கு ஒன்றுக்கு மேல் சுடுகிற துப்பாக்கி தானியங்கிதான். பழுது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

யார் விற்றாலும் பழைய ரைஃபிளில் ஒரு சோதனை செய்யுங்கள், அதுவும் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, உள்ளே தோட்டா இல்லை என்று இருவரும் பார்த்த பிறகு. டிரிகரை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டே போல்ட்டைப் பின்னால் இழுத்து விடுங்கள். அப்புறம் மெதுவாக டிரிகரை விடுங்கள். ஒரு சன்னமான கிளிக் கேட்க வேண்டும், மறுபடி இழுத்தால் சுத்தி விழ வேண்டும். கிளிக் வரவில்லை, இரண்டாவது இழுப்பில் சுத்தி விழவில்லை என்றால் அந்த ரைஃபிள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். குழலின் வாய் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறோ நசுங்கலோ இருந்தால் குறி சிதறும். இந்த வகை ரைஃபிளில் பல மாதிரிகளுக்குக் குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்ய வழி கிடையாது, எல்லோரும் வாய்ப்பக்கத்திலிருந்து கம்பியைத் திணித்துத் திணித்து அந்த விளிம்பைக் கெடுத்திருப்பார்கள். நீங்கள் கயிறு வகைத் துடைப்பானைச் சேம்பர் பக்கத்திலிருந்து உள்ளே விட்டு இழுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருடத்துக்கு ஒருவராவது இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வலது கைக்காரராக இருந்தும் உங்கள் ஆதிக்கக் கண் இடதாக இருக்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். இடது கண்ணை மூடினால் பொருள் மறைகிறதென்றால் உங்கள் ஆதிக்கக் கண் இடது. அப்படி இருந்தால் இடது தோளில் வைத்துச் சுடப் பழகுவதே நல்லது, ஆனால் அங்கேதான் செமி ஆட்டோவில் சிக்கல். காலி உறை வலது பக்கம் பறந்து விழும், இடது தோளிலிருந்து சுடுபவருக்கு அது முகத்துக்கு முன்னாலேயே போகும், சட்டைக் கழுத்துக்குள்ளும் விழும், சூடாக இருக்கும், பயத்தில் உடம்பு அசையும், அசைந்தால் குழலும் அசையும். உறை இடது பக்கம் விழும் மாதிரி இருந்தால் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் கழுத்து மூடிய சட்டை, பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி, தொப்பி. கடையில் எவரும் உங்கள் கண்ணைச் சோதிக்க மாட்டார்கள், வீட்டிலேயே இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறி, செமி ஆட்டோவுக்கே உரியது. மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைப்பது. இல்லை. ஒரு தோட்டா சேம்பருக்குள் உட்கார்ந்திருக்கும். முதலில் மேகசினை எடுங்கள், அதற்குப் பிறகு போல்ட்டை இழுத்து உள்ளே கண்ணால் பார்த்து விரலால் தடவுங்கள். வரிசையை மாற்றிப் போல்ட்டை முதலில் இழுத்தால் இருந்ததை வெளியே தள்ளிவிட்டு மேகசினிலிருந்து புதிதாக ஒன்றை நீங்களே ஏற்றிவிடுவீர்கள். போல்ட் ரைஃபிளில் பழகிய கைக்கு இது புதிது. டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைக் குறி பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து திறங்கள். .22 சின்னதுதானே என்று நினைக்காதீர்கள், ஒன்றரை மைல் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள்.

தோட்டாவை மொத்தமாக வாங்காதீர்கள். 50 கொண்ட சின்னப் பெட்டியாக நான்கைந்து வகை வாங்கி 50 மீட்டரில் சுட்டுப் பாருங்கள், ஒவ்வொரு குழலுக்கும் ஒரு வகைதான் பிடிக்கும். சத்தம் குறைந்த மெதுவான தோட்டாவில் போல்ட் முழுதாகப் பின்னால் போகாமல் அடைபடலாம், அது ரைஃபிளின் குறை இல்லை. ஸ்கோப் எடுத்தால் ரிம்ஃபயர் (.22 போல அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா வகை) என்று எழுதியதை எடுங்கள், அதுதான் பெரும்பாலும் 50 கஜத்துக்குச் சரிசெய்து வரும்.

உரிமம் பற்றி ஒன்று. எழுதும்போதே எரிச்சல் வருகிறது. நியூசிலாந்தில் 2019-இல் பெரும்பாலான செமி ஆட்டோக்களைத் தடை செய்தபோதும் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளாத .22-ஐ விட்டுவைத்தார்கள். பிரிட்டனில் 1988 சட்டமும் .22 ரிம்ஃபயரை விட்டுவைத்தது. அங்கே எதைச் சுடுகிறது என்று பார்த்தார்கள். 2004-இல் காலாவதியான அமெரிக்காவின் 1994 சட்டமோ கைப்பிடி வடிவத்தையும் குழல் வாயில் என்ன மாட்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தது. ஒரே இயந்திரம், சாதாரண மரக் கட்டையில் இருந்தால் சரி, தனிப் பிடியோடு குழல் வாயில் சுடர் மறைப்பானும் இருந்தால் தடை என்றிருந்தது. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள் எழுதிய விதியை ஏற்பதற்காக மாதக்கணக்கில் வரிசையில் நிற்கிறோம். என்ன செய்வது, நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைக் கிளப் செயலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் வாயால் சொன்னதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டை, பிடி, மேகசின் எதையும் அனுமதி வந்த பிறகு மாற்றாதீர்கள்.

ஒலிம்பிக் வகை ரைஃபிள் போட்டிதான் உங்கள் கனவு என்றால் செமி ஆட்டோ வேண்டாம், அங்கே ஒற்றைத் தோட்டா ரைஃபிள்தான். ஐபிஎஸ்சி (நகர்ந்து சுடும் போட்டிகளை நடத்தும் உலக அமைப்பு) மினி ரைஃபிள் போன்ற தட்டுப் போட்டி என்றால் இதே .22 போதும். கடைக்குப் போகும்போது பயிற்சியாளரை அழைத்துப் போங்கள், கடைக்காரர் அவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.