பசை சேர்க்காத ஹார்ட்போர்டு எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: மர அலமாரிக்குப் பின்பலகையாகப் போட 3 மி.மீ. ஹார்ட்போர்டு (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) பார்த்தேன். பசை சேர்க்காமல் அழுத்தியது, ரசாயன வாடை வராது என்கிறார் கடைக்காரர். பசையே இல்லாவிட்டால் நாளடைவில் நார்நாராகப் பிரிந்துவிடாதா? அலமாரி நிற்கப்போவது குளியலறைச் சுவரை ஒட்டி.

பதில்: ஈரம் படாத இடத்தில் பிரியாது. மரத்தில் நார்களைப் பிணைத்து வைத்திருப்பதே லிக்னின் என்ற இயற்கைப் பொருள்தான். மரச் சில்லுகளை நீராவியில் வேகவைத்து நாராக்கி, ஈரத்தோடு விரித்து, கடும் சூட்டில் அழுத்தினால் லிக்னின் இளகி நார்களை மறுபடி பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் வில்லியம் மேசன் 1924-ல் கண்ட முறை இது.

பலகையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வலை பதிந்த தடத்தோடும் இருந்தால் ஈர முறையில் செய்தது. நீரும் ஆவியும் வெளியேற அடியில் வைத்த கம்பி வலையின் தடம் அது. ஆனால் இந்த முறையிலும் சிலர் கொஞ்சம் ரெசின் (செயற்கைப் பசை) கலப்பதுண்டு. தடத்தை மட்டும் நம்பாமல் தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கேளுங்கள்; ஹார்ட்போர்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1658 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் அலமாரிக்கு உண்மையான எதிரி தண்ணீர். வெட்டிய விளிம்பு வழியே ஈரம் ஏறினால் நார் உப்பும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்கு முழுமையாகத் திரும்பாது. 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெர்னியர் அளவுகோலால் கனம் அளந்து, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். 3 மி.மீ. பலகை 3.6-க்குள் நின்றால் தாராளமாக வாங்கலாம். 4 மி.மீ. தாண்டினால் குளியலறைச் சுவர்ப் பக்கம் அதை வைக்கவே வேண்டாம். எண்ணெய் ஏற்றிச் சூட்டில் பதப்படுத்திய 'டெம்பர்டு' வகை ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். எந்த வகையானாலும் நான்கு விளிம்புக்கும் பிரைமரும் இரண்டு கை எனாமலும் பூசி, சுவரிலிருந்து 2 செ.மீ. தள்ளி வையுங்கள். சுவரில் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: அடித்த பலகை மழைக்காலத்தில் வயிறு தள்ளுகிறதே?

பதில்: காய்ந்த பலகையை அப்படியே அடித்ததுதான் காரணம். காற்றின் ஈரத்தை இழுத்து விரியும்போது, ஆணிகள் நகரவிடாததால் நடுவில் புடைக்கிறது. 8க்கு 4 அடிப் பலகைக்குச் சுமார் 1 லிட்டர் தண்ணீரை வலைப்பக்கம் தடவி, ஈரப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க அடுக்கி 2 நாள் வைத்த பிறகு அடியுங்கள். ஆணி நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகட்டும்.

கேள்வி: பசை இல்லாததால் கரையான் அண்டாதா?

பதில்: அண்டும். அது தேடுவது மரநாரில் உள்ள செல்லுலோஸ் என்ற பொருளை. இந்தப் பலகையில் பெரும்பகுதி அதுதான்.