கடலோரப் பாறை உச்சியில் உள்ள கோல்ஃப் குழியைச் சராசரி ஆட்டக்காரர் எப்படி ஆடுவது?

கேள்வி: கலிபோர்னியாவின் பெபிள் பீச் எட்டாவது குழியைப் போல, கடலை ஒட்டிய பாறை உச்சியில் அமைந்த குழியைச் சராசரி ஆட்டக்காரர் ஒருவர் எப்படி ஆட வேண்டும்? கடலைத் தாண்டி அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனால், அவ்வளவு பணம் கொடுத்ததற்கு அர்த்தம் இருக்குமா?

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி என்னைத் தைத்தது. அதே எட்டாவது குழியின் விளிம்பில், கையில் மட்டையோடு நின்றிருந்தபோது, உடன் ஆடிய நண்பர் ஒருவர் ஏறத்தாழ இதே சொற்களை என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஆகவே இது உங்களுக்கு எழுதும் பதிலாக இருந்தாலும், அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதும் இதில் கலந்திருக்கும்.

உங்களைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஆண்டுக்கு இருபது முப்பது முறை ஆடுபவர் என்றும், ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறமை அதிகம்) 20-ஐ ஒட்டி இருக்கும் என்றும், 170 கஜத்தைத் தரையில் படாமல் கடக்கும் அடி உங்களுக்குப் பத்தில் மூன்று முறைதான் சரியாக அமையும் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படிப்பட்டவன்தான். இதைவிட நன்றாக ஆடுபவர் என்றால் நான் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. அதற்காக என்மீது கோபப்பட வேண்டாம்.

அந்தக் குழியைப் பார்க்காதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெபிள் பீச் மைதானம் மான்டெரே தீபகற்பத்தில், கார்மெல் விரிகுடாவின் ஓரமாக 1919-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் இருவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்கள். எட்டாவது குழி (தொடக்க இடமான டீயிலிருந்து கொடி வரையுள்ள முழுப் பாதையையும் குழி என்றே சொல்வோம்) பார் 4, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது. 2019-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் அதன் நீளம் 428 கஜம், நம்மைப் போன்றவர்கள் ஆடும் முன் டீக்களிலிருந்து அது குறையும். முதல் அடி மேட்டை நோக்கிய குருட்டு அடி, அதாவது பந்து எங்கே விழுகிறது என்பது டீயில் நிற்பவருக்குத் தெரியாது. மேட்டில் ஏறிப் பார்த்தால், புல்வெளி சட்டென்று முடிந்து பாறை செங்குத்தாக இறங்குகிறது; வலப்புறம் கடல், எதிரே கடல் உள்ளே புகுந்து அறுத்த பள்ளம், அதற்கு அப்பால் மணற்குழிகள் சூழ்ந்த சிறிய கிரீன், அதாவது கொடி நட்டிருக்கும் வழவழப்பான புல்தரை. அங்கிருந்து அடிக்கும் இரண்டாவது அடியைத்தான், கோல்ஃபிலேயே தமக்கு மிகவும் பிடித்த இரண்டாவது அடி என்று ஜாக் நிக்லஸ் சொல்லியிருக்கிறார். அதே மைதானத்தில் 1972-இல் அமெரிக்க ஓபன் வென்றவர் அவர். அவர் சொன்னதை மறுக்க நான் யார்? ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் மனத்தில் ஏந்திக்கொண்டு அங்கே போகும் சராசரி ஆட்டக்காரர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை, எனக்கு நேர்ந்ததை வைத்து எழுத முடியும்.

நான் முதன்முறை அங்கே ஆடியது 2012 ஆகஸ்டில். கட்டணம் அன்றே 500 டாலரை ஒட்டி இருந்தது. இன்று 600 டாலரைத் தாண்டிவிட்டது, மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் கேடிக்குத் தனியே கொடுக்க வேண்டும். ஏழு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம் அது. இதைச் சொல்லாவிட்டால், கோல்ஃப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்பதால் சொல்கிறேன். காலை மூடுபனி விலகிக்கொண்டிருந்த நேரம். முதல் அடி நன்றாகவே போய் மேட்டில் நின்றது. கிரீனுக்கு 175 கஜம் இருந்தது. நீண்ட தூரம் அடிக்க உதவும் ஹைப்ரிட் மட்டையை எடுத்தேன். இடப்பக்கம் சுற்றிப் போகலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. வருடக்கணக்காகத் தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்பட்ட அடியை அடிக்கத்தானே அங்கே வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

பந்து பள்ளத்துக்கு நடுவே இறங்கியது. விழுந்த ஓசைகூடக் கேட்கவில்லை. தண்டனை அடி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, விளிம்புக்கு அருகே இன்னொரு பந்தைப் போட்டு, அதே மட்டையால் அதே அடியை அடித்தேன். அதுவும் கடலுக்குள் போனது. மூன்றாவதும் போனது. நான்காவது பந்தைப் பையிலிருந்து எடுக்கும்போது என் கை நடுங்கியதைக் கண்டு, பந்தைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, மற்றவர்களோடு கிரீன் வரைக்கும் வெறுங்கையோடு நடந்தேன். மதிப்பெண் அட்டையில் எட்டாவது கட்டம் வெறுமையாக இருக்கிறது. அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் உள்ளது. அன்றைய ஒன்பதாவது, பத்தாவது குழிகளும் கடலோரக் குழிகள்தாம், அழகானவைதாம். அவற்றைப் பற்றி எனக்கு எதுவுமே நினைவில்லை. எனக்கு மிகவும் வருத்தமான இழப்பு அதுதான்.

பிறகு பல மாதங்கள் யோசித்ததில் இரண்டு காரணங்கள் புலப்பட்டன. ஒன்று குளிர். கோடைக்காலத்திலும் அந்தக் கரையில் காலைப்பொழுது குளிராகவே இருக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது, பந்து அதில் வழக்கமான தூரம் போகாது. கடற்கரையின் ஈரக்காற்று கனமாக இருப்பதால்தான் பந்து விழுகிறது என்று பலர் சொல்வார்கள், அது தவறு. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்றே லேசானது. பந்தை நிறுத்துவது ஈரமன்று, குளிரும் எதிர்க்காற்றும்தான். என் ஊர் மைதானத்தின் வெயிலில் 175 கஜம் போகும் மட்டை அங்கே 165-ஐத் தாண்டவில்லை. இரண்டாவது காரணம், விதி நம்மை மீண்டும் கொண்டுபோய் நிறுத்தும் இடம். பந்து கடலுக்குள் போனால், அடித்த இடத்திலிருந்தே மீண்டும் அடிக்கலாம், அல்லது தண்டனைப் பகுதியின் (இங்கே கடலின்) எல்லையை அது கடைசியாகக் கடந்த இடத்தை வைத்து அடுத்த பந்தைப் போடலாம். இந்தக் குழியில் நேராக அடித்துக் குறைவாக விழுந்த பந்து எல்லையைக் கடந்த இடம், பெரும்பாலும் நாம் நின்று அடித்த விளிம்புதான். ஆகவே தோற்றவர் தோற்ற இடத்திலேயே, அதே தூரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, பதறிய மனத்தோடு திரும்பவும் நிற்கிறார். ஒரு பந்தோடு முடிய வேண்டியது மூன்று பந்தாவது இப்படித்தான்.

இரண்டாவது முறை போனது 2022 அக்டோபரில். என் மகள் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளச் சேமிப்பிலிருந்து எனக்காக முன்பதிவு செய்திருந்தாள். அவளும் நானும், அலுவலக நண்பர் ஒருவரும், அவருடைய மைத்துனரும் ஆடினோம். இம்முறை கேடி ஒருவரை வைத்துக்கொண்டோம். எட்டாவது குழியின் மேட்டை அடைந்தபோது எனக்கு மீதமிருந்தது 172 கஜம். பத்து ஆண்டுகளுக்கு முன் நின்ற இடத்துக்குச் சில அடி தள்ளித்தான் நின்றேன். கேடி என்னிடம் எந்த மட்டை என்று கேட்கவில்லை. "இதே தூரத்தைப் பத்துப் பந்துகளில் எத்தனையில் தாண்டுவீர்கள்?" என்று கேட்டார். மூன்று என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் இடப்பக்கம் கையைக் காட்டினார். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு புல்வெளி கீழே இறங்கி, கிரீனின் இடப்பக்கம் வரை போவதை அப்போதுதான் நான் உண்மையில் பார்த்தேன். 2012-லும் அது அங்கேயே இருந்தது.

நடுத்தர தூரத்துக்கான மட்டையான ஏழாம் எண் அயனை எடுத்தபோதுதான் நண்பர் அந்தச் சொல்லைச் சொன்னார்: "இவ்வளவு பணம் கொடுத்து, இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் ஓரமாகப் போகவா?" பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். நான் பேசாமல் அடித்தேன். பந்து 125 கஜம் போய்க் கீழ்ப் புல்வெளியில் நின்றது. அங்கிருந்து 85 கஜம். கிரீன் பின்னாலிருந்து முன்னால் சரிந்திருப்பதால், கொடிக்கு முன்னாலேயே பந்தை இறக்கும்படி கேடி சொன்னார். குறுகிய தூரத்துக்கான வெட்ஜ் மட்டையால் அடித்த பந்து கிரீனின் முன்பகுதியில் இறங்கிக் கொடிக்கு இருபது அடி தூரம் கீழே நின்றது. கிரீனில் பந்தை உருட்டும் பட் அடிகள் இரண்டில் முடித்தேன். ஐந்து அடிகள், பாரைவிட ஒன்று கூடுதலான ஒரு போகி. அந்தக் கட்டத்தில் ஒரு எண் எழுத எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். நண்பர் நேரே அடித்தார், பந்து பள்ளத்தைத் தாண்டி அழகாகக் கிரீனில் இறங்கியது, நான்கில் முடித்தார். அவருடைய ஹேண்டிகேப் 8. அந்த அடி அவருக்குரியது. அதில் எனக்குப் பொறாமை இல்லை, கைதட்டவும் செய்தேன். ஆனால் திரும்பி வந்த பிறகு, மதிய உணவு மேசையில், என் மகள் எனக்குக் கொடுத்த ஒரு நாளை நான் வீணாக்கிவிட்டதாக அவர் மற்றவர்களிடம் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அதை என்னால் இன்றுவரை எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கொடுத்தவள் அவள்; வீணானதா இல்லையா என்று சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

சுற்றிப் போவது குழியைத் தவிர்ப்பது என்று எண்ணுபவர்களுக்கு, அந்தக் கரையின் வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். எட்டாவது குழியின் கிரீனை 1920-களில் திருத்தி அமைத்தவர் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி. அதே தீபகற்பத்தில் சில கல் தொலைவில் 1928-இல் திறக்கப்பட்ட சைப்ரஸ் பாயிண்ட் மைதானமும் அவர் வடிவமைத்ததுதான். அது தனியார் மைதானம், நீங்களும் நானும் பணம் கட்டிப் போய்விட முடியாது. அதன் பதினாறாவது குழி உலகெங்கும் பேர்பெற்றது: பார் 3, கடலின் மீதே 200 கஜத்துக்கு மேல் தாண்டி அடிக்க வேண்டும். அவ்வளவு தூரத்தைத் தாண்ட முடியாதே என்று முதலில் அந்த இடத்தைப் பார்த்த வடிவமைப்பாளர் சேத் ரேனர் வருந்தியபோது, 1921-இல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்ற மேரியன் ஹாலின்ஸ் அங்கேயே ஒரு பந்தை வைத்து அடித்து, இன்று கிரீன் இருக்கும் இடத்தின் நடுவே இறக்கிக் காட்டினார். அந்தக் குழிக்கான பெருமை அவரையே சேரும் என்று மெக்கன்சி எழுதியிருக்கிறார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே குழியில் இடப்புறம் நிலம் இருக்கிறது, தாண்ட முடியாதவர் அங்கே ஓர் அடி அடித்துவிட்டு அங்கிருந்து கிரீனுக்குப் போகலாம் என்பதைச் சொல்வதில்லை. வலிமையுள்ளவருக்கு ஒரு வழியும் மற்றவருக்கு ஒரு வழியும் ஒரே குழியில் இருக்க வேண்டும் என்பது மெக்கன்சியின் கொள்கை. இடப்பக்க வழியும் அந்தக் குழியின் ஒரு பகுதிதான். ஆட்டக்காரருக்காகத் திறந்து வைத்திருப்பதுதான்.

நான் கோழைத்தனத்துக்கு நியாயம் கற்பிப்பதாகச் சிலர் எழுதலாம். இரண்டாவது முறை அந்த மேட்டில் எனக்குப் பயம் இருக்கவில்லை. முதல் முறைதான் இருந்தது. அதோடு, கடலுக்குள் போன என் மூன்று பந்துகள் பற்றி 2019-இல் எனக்கு வேறொரு வருத்தமும் சேர்ந்தது. அந்தக் கரையோரத்தில் மூச்சடக்கி மூழ்கும் அலெக்ஸ் வெபர் என்ற பள்ளி மாணவி, கடலடியிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட கோல்ஃப் பந்துகளை எடுத்து, அதைப் பற்றி அறிவியலாளர்களோடு சேர்ந்து அந்த ஆண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அலையில் பாறையோடு உரசி உரசிப் பந்தின் பிளாஸ்டிக் உறை தேய்ந்து கடலில் கலக்கிறது. உள்ளே துத்தநாகச் சேர்மங்கள் உள்ளன. அந்தக் கடல் 1992 முதல் தேசியக் கடல்சார் சரணாலயம். நீர்நாய்களும் கடல்நாய்களும் வாழும் இடம். பத்தில் ஏழு முறை விழும் என்று தெரிந்த பந்தை அங்கே அடிப்பது எனக்கு இனி மனம் ஒப்பாத செயல்.

விளிம்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2022 பிப்ரவரியில் நடந்த தொழில்முறைப் போட்டியில் ஜோர்டான் ஸ்பீத், இதே எட்டாவது குழியில், பாறையின் கடைசி விளிம்பில் நின்ற பந்தை அடித்தார். அவருடைய கேடி தடுக்கப் பார்த்தும் கேட்கவில்லை, அடித்த வேகத்தில் பின்வாங்கி நடந்தார், பார் எடுத்தார். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நின்று படம் எடுக்க முயல்பவர்களை நான் கண்ணால் பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பந்து விளிம்பை ஒட்டி நின்றால் ஓர் அடி தண்டனையோடு எடுத்துப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். போவதற்கு முன், குளிர்ந்த காலை நேரத்தில் உங்கள் ஊர்ப் பயிற்சித் திடலில் 170 கஜத்தைக் குறிவைத்துப் பத்துப் பந்துகள் அடித்து எண்ணிப் பாருங்கள். ஏழுக்கு மேல் தாண்டினால், காற்று முகத்தில் அடிக்காத நாளில் நேரே அடியுங்கள். இல்லையென்றால் இடப்பக்கம் போங்கள். அதற்கு வேண்டியது ஏழாம் எண் அயனால் ஒரு நிதானமான அடியும், 80 முதல் 90 கஜம் வரை போகும் வெட்ஜ் அடியும்தான். நான் இரண்டாவது முறை போகும் முன் இரண்டு மாதம், வாரம் இரு மாலைகள், அந்த வெட்ஜ் அடியை மட்டுமே பழகினேன். முதல் முறை போகும் முன் நான் பழகியது நீண்ட அடிகளை மட்டுமே.