கறுப்பு-வெள்ளையில் தன்னுருவப் படம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: செல்போனில் வண்ணத்தில் எடுக்கும்போது என் படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் சாம்பல் பூசியதுபோல் உயிரற்றுப் போகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் உட்காரும் இடத்தை மாற்றினால் போதும். வண்ணப் படத்தில் சிவப்புச் சட்டையையும் பச்சைச் சுவரையும் கண் சிரமமின்றிப் பிரித்துக்கொள்கிறது. நிறத்தை நீக்கியதும் அவை இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடக்கூடும். அப்போது முகத்தையும் உடையையும் பின்னணியையும் பிரித்துக் காட்ட மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. தலைக்கு மேலே எரியும் விளக்கின் கீழ் எடுத்தால் கண்குழிகள் இருண்டுபோகும். கேமராவின் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்தால் நிழலே இல்லாமல் முகம் தட்டையாகிவிடும். உங்கள் படத்தில் நடந்திருப்பது இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

பகல் நேரத்தில், நேரடி வெயில் விழாத ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் ஒரு கை நீளத் தொலைவில் இருக்கும்படி உட்காருங்கள். இப்போது முகத்தை ஜன்னல் பக்கம் மிக மெதுவாகத் திருப்பியபடி கண்ணாடியில் பாருங்கள். முதலில் முகத்தின் ஒரு பாதி முழு இருளில் இருக்கும். ஒரு கட்டத்தில் மூக்கின் நிழல் நீண்டு கன்னத்து நிழலைத் தொட, இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சிறிய முக்கோணமாக ஒரு வெளிச்சம் தோன்றும். ஓவியர் ரெம்பிராண்ட்டின் பெயரால் ஒளிப்படக்காரர்கள் குறிப்பிடும் ஒளியமைப்பு அதுதான். அந்த முக்கோணம் எங்கே தோன்றுகிறது, எங்கே மறைகிறது என்பதை ஒரு மணி நேரம் செலவிட்டுப் பழகிக்கொண்டால், எந்த மென்பொருளும் தராத பாடம் கிடைத்துவிடும். இருண்ட பக்கம் அதிகமாக இருண்டிருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். இன்னும் ஆழமான நிழல் வேண்டுமென்றால் அட்டைக்குப் பதிலாகக் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: கேமராவுக்குப் பின்னால் ஆளில்லாமல் எப்படி ஃபோகஸ் செய்வது? பாதிப் படங்களில் என் முகம் மங்கலாகவும், பின்சுவர் தெளிவாகவும் விழுகிறது.

பதில்: கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். நீங்கள் உட்காரப்போகும் இடத்தில், உங்கள் கண் இருக்கும் உயரத்தில், எழுத்துகள் அச்சிட்ட ஏதாவது ஒரு பொருளை நிறுத்தி அதன்மீது ஃபோகஸ் செய்து, அந்த ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். செல்போன்களில் திரையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் இது நடக்கும். பிறகு டைமரைப் பத்து வினாடிக்கு வைத்துவிட்டு அந்த இடத்தில் போய் அமருங்கள். முன்பக்கக் கேமராவைவிடப் பின்பக்கக் கேமராவே பொதுவாகத் தரமானது. அதையும் கை நீளத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். அதற்குக் காரணம் லென்ஸ் அன்று, மிக அருகில் இருப்பதுதான். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து எடுத்து, தேவையான பகுதியைப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

தன்னைத் தானே படமெடுப்பதில் உள்ள இந்தச் சிரமம் ஒளிப்படக் கலையின் வயதுடையது. 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர் தன்னையே படமெடுத்தார். இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தன்னுருவப் படங்களில் அது ஒன்று. கலைந்த தலைமுடியோடு, கைகளைக் கட்டியபடி, சட்டகத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறார். அந்த ஒதுக்கமே படத்துக்கு ஒரு தனி அழகைத் தருகிறது என்பது என் எண்ணம். ஆகவே நடுவிலிருந்து விலகி விழுந்த படங்களை உடனே அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: கேமராவிலேயே கறுப்பு-வெள்ளை வைத்து எடுக்கலாமா?

பதில்: திரையில் கறுப்பு-வெள்ளையாகப் பார்த்தபடி, ரா கோப்பாக, அதாவது கேமரா பதிவுசெய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பாகச் சேமிப்பதே சிறந்தது. ரா கோப்பில் நிறத் தகவல் முழுவதும் அப்படியே இருக்கும். வழக்கமான ஜேபெக் கோப்பில் கறுப்பு-வெள்ளையாக மட்டும் சேமித்துவிட்டால் அது போனது போனதுதான்.

கேள்வி: எடிட்டிங்கில் எதை முதலில் செய்ய வேண்டும்? ஆயத்த ஃபில்டர்களைப் பயன்படுத்துவது தவறா?

பதில்: தவறில்லை, ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்காமலேயே அமைக்கப்பட்டவை அவை. முதலில் வண்ணப் படத்திலேயே சட்டகத்தை வெட்டி, எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவைச் சரிசெய்யுங்கள். படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தில் இடது கோடி 0, அதாவது முழுக் கறுப்பு. வலது கோடி 255, அதாவது முழு வெள்ளை. நெற்றியின் பளபளப்பு வலது கோடியில் முட்டி நின்றால் அங்கே தோலின் விவரம் தொலைந்துவிட்டது என்று பொருள்.

அதன் பிறகுதான் கறுப்பு-வெள்ளைக்கு மாற்ற வேண்டும். இதை வெறும் நிறநீக்கமாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நிறமும் எந்த அளவு வெளிச்சமான சாம்பலாக மாற வேண்டும் என்று முடிவெடுக்கும் இடம் இது. நெடுங்காலமாக வழக்கிலுள்ள ஒரு கணக்கு, சாம்பலின் வெளிச்சத்தில் பச்சைக்குச் சுமார் 59 சதவீதமும் சிவப்புக்கு 30 சதவீதமும் நீலத்துக்கு 11 சதவீதமும் கொடுக்கிறது. அந்தப் பங்கீட்டை நீங்களே மாற்றிக்கொள்ளத்தான் எடிட்டிங் மென்பொருளின் கறுப்பு-வெள்ளை மிக்ஸரில் நிறத்துக்கொரு ஸ்லைடர் இருக்கிறது. மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதன் சாயல் பெரும்பாலும் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் அமைகிறது. ஆரஞ்சை உயர்த்தினால் தோல் வெளுத்து, பருக்களும் தழும்புகளும் மங்கும். தாழ்த்தினால் தோல் அடர்ந்து, ஒவ்வொரு ரேகையும் எழுந்து நிற்கும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஸ்லைடரைக் கண்டவுடன் பலரும் முகத்தை வெளுப்பாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கறுத்த தோலில் கன்ன எலும்பின் மேல் விழும் ஒளிக்கும் தாடையின் நிழலுக்கும் இடையே எத்தனையோ நுட்பமான சாம்பல் படிகள் உண்டு. வெளுப்பாக்கும்போது முதலில் அழிபவை அவைதான். கறுப்பு-வெள்ளையில் மிக அழகாக வரக்கூடிய ஒன்றை நாமே அழிக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஒரு கோட்டை வளைத்து வெளிச்ச அளவுகளை மாற்றும் கர்வ்ஸ் கருவியில், கோட்டின் கீழ்ப்பகுதியைச் சற்றே தாழ்த்தி மேல்பகுதியைச் சற்றே உயர்த்தி, மெல்லிய எஸ் வடிவம் கொடுங்கள். கடைசியாக, வெளிச்சமாக்கும் டாட்ஜ், இருளாக்கும் பர்ன் கருவிகளை ஐந்து முதல் பத்து சதவீத வலிமையில் வைத்து, கண்களைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சமும், சட்டகத்தின் ஓரங்களில் கொஞ்சம் இருளும் சேருங்கள். விழியின் வெள்ளையைக் காகித வெள்ளையாக்கிவிடாதீர்கள். முகம் பொம்மை முகமாகிவிடும். மூலப் படத்தின்மேல் சேமிக்காமல், எப்போதும் நகலிலேயே வேலை செய்யுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை இலவச மென்பொருளான ஜிம்ப்பிலேயே செய்துவிடலாம்.

கேள்வி: கற்றுக்கொள்ள ஆசைதான். ஆனால் என் முகத்தை நானே பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சத்தோடே தொடங்கலாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியிலிருந்தபடி ஆயிரக்கணக்கில் படங்கள் எடுத்து, 2007-இல் சிகாகோவில் நடந்த ஒரு ஏலத்துக்குப் பிறகே உலகுக்குத் தெரியவந்த விவியன் மேயரின் தன்னுருவப் படங்களைத் தேடிப் பாருங்கள். சிலவற்றில் கடைக் கண்ணாடியில் விழுந்த பிம்பமாக இருக்கிறார். சிலவற்றில் தரையில் நீண்ட ஒரு நிழல் மட்டுமே அவர். நீங்களும் முதல் வாரம் முழுவதும் முகத்தைச் சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டாம். சுவரில் விழும் உங்கள் நிழலை, ஜன்னலோரம் வைத்த உங்கள் கைகளை, பின்னாலிருந்து உங்கள் தோளை எடுங்கள். எட்டாம் நாள், அதே ஜன்னல், அதே நேரம். கேமராவைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.