கை தடுமாறினால் மூளைச் சேதமா?

கேள்வி: டாக்டர், 22 வயதான என் தம்பிக்கு ஆரம்பநிலை சைக்கோசிஸ் (பிரமை, சந்தேகம் என்று நிஜம் பிடிபடாமல் போகும் மனநோய்). மாத்திரை தொடங்கும் முன்பே, மேசைமேல் முஷ்டி, கையின் ஓரம், உள்ளங்கை என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார்கள். மூன்றாவது சுற்றில் குழம்பிவிட்டான். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் எழுதிய எண்ணும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆறு மாதம் கழித்துச் செய்தபோது கொஞ்சம் தேவலை. வீட்டில் நானும் செய்துபார்த்துத் தடுமாறினேன். இது மூளைச் சேதமா? எனக்கும் வருமா?

பதில்: அவசரமாகச் செய்தால் எனக்கே இடது கை சொதப்பும். ஒருமுறை தடுமாறியதை வைத்து உங்களுக்கு நோயாளிப் பட்டம் கட்டாதீர்கள். நோயில்லாத உடன்பிறந்தவர்களிடமும் இந்தத் தடுமாற்றங்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகத் தெரிவதுண்டு. அது நோய் வரும் என்பதற்கான முன்னறிவிப்பு அல்ல.

இவற்றை நரம்பியல் மென்குறிகள் என்போம். பக்கவாதத்தில் கை விழுந்தால் மூளையில் இன்ன இடம் என்று காட்டலாம். இதில் அப்படி ஓர் இடம் கிடையாது. மூளையின் முன்பகுதி, சிறுமூளை, நடுவே செய்திகளைக் கடத்தும் தலாமஸ் இவை நேரம் தவறாமல் சேர்ந்து வேலை செய்வதில் உள்ள சின்னப் பிசகு. சேதம் என்ற சொல்லே இங்கே பொருந்தாது.

மாத்திரையின் வேலையும் அல்ல. முதல் சைக்கோசிஸ் மருந்தான குளோர்ப்ரோமசின் 1952-ல்தான் சிகிச்சைக்கு வந்தது; அதற்குப் பல வருடம் முன்பே ஜெர்மன் மனநல மருத்துவர் க்ரெப்லின் தன் நோயாளிகளிடம் இத்தகைய நரம்புக் குறிகளை எழுதிவைத்திருக்கிறார். உங்கள் தம்பியும் மருந்துக்கு முன்பேதானே தடுமாறினார்?

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆறு மாத இடைவெளி. பிரமையும் சந்தேகமும் அடங்கும்போது பலரிடம் இந்தக் குறிகளும், குறிப்பாகக் கை ஒருங்கிணைப்பில் உள்ளவை, குறைகின்றன. முழுதும் மறையாமலும் போகலாம். நோய் நீடிப்பவர்களிடம் அப்படியே நிற்கும், சில சமயம் கூடும். அதனால்தான் ஒரே ஒரு பரிசோதனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அடுத்தடுத்து வருவதை ஒப்பிடுகிறேன். 'தேவலை' என்பது நல்ல செய்தி. ஆனால் ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தை இதை வைத்துக் கணிக்க முடியாது.

அப்புறம், வீட்டில் அவருக்குப் பரீட்சை வைக்காதீர்கள். பழகிப்போனால் எங்கள் அளவீடு கெடும், அவருக்கும் எரிச்சல். புதிதாகக் கை நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வந்தால் கதை வேறு. அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அடுத்த தேதிவரை காத்திருக்காமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.